கெட்டில் காட்டும் டிகிரியும் தூளுக்குள் இருக்கும் சூடும்

டிரிப்பர் என்ற வடிகட்டிக்குள் பேப்பரும் காபித்தூளும் வைத்து, மேலே கையால் வெந்நீர் ஊற்றி இறக்குவதுதான் போர் ஓவர். போர் ஓவர் போட ஆரம்பிக்கப் போகிறேன், எந்தக் கெட்டில் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் இருக்கிறதா என்றுதான். பெரும்பாலும் இருக்காது. டிகிரி வைக்கும் வசதியுள்ள, மெல்லிய வளைந்த மூக்கு வைத்த கூஸ்நெக் கெட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருப்பார், கொட்டையை மட்டும் கடையிலேயே அரைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வீடியோக்களில் முதலில் கண்ணில் படுவது அந்த வளைந்த மூக்கும் அடியில் ஒளிரும் எண்ணும்தான். 93 என்று வைத்தால் காபி 93-ல் இறங்கிவிடும் என்று யாருக்கும் தோன்றும். அப்படி இறங்குவதில்லை. கெட்டிலில் இருக்கும் தண்ணீரின் சூடு ஒன்று, டிரிப்பருக்குள் தூளோடு கலந்து நிற்கும் தண்ணீரின் சூடு இன்னொன்று. ருசியைத் தீர்மானிப்பது இரண்டாவது, எண்ணாகத் தெரிவது முதலாவது.

சென்னையில் வளர்ந்தவன் என்பதால் எனக்குக் காபி என்றால் ஃபில்டர் காபிதான், இப்போதும் காலையில் முதல் டம்ளர் அதுதான். எங்கள் வீட்டில் வெந்நீரின் டிகிரியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, பேசத் தேவையும் இல்லை. தளதளவென்று கொதித்த தண்ணீரை மேல் டப்பாவில் ஊற்றி மூடிவிட்டால் அது நிதானமாகத் தூளின் மேல் நின்று, சொட்டுச் சொட்டாக இறங்கி, கெட்டி டிகாக்‌ஷனாகிறது. அவ்வளவு நேரம் நிற்கும்போது ஐந்து டிகிரி முன்னே பின்னே இருந்தால் என்ன, தூளில் இருப்பது இறங்கிவிடும். மிச்ச வித்தியாசத்தைச் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும். போர் ஓவரில் தண்ணீரும் தூளும் சேர்ந்திருப்பது மொத்தமே மூன்று, மூன்றரை நிமிடம். பாலும் கிடையாது, சிக்கரியும் கிடையாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாததால் சூட்டில் ஏற்படும் வித்தியாசம் நேராக நாக்கில் வந்து நிற்கிறது.

சூடு என்ன செய்கிறது என்றால், தூளிலிருந்து கரைந்து வருவதை வேகப்படுத்துகிறது. புளிப்பு தரும் பொருட்கள் சீக்கிரம் கரைந்துவிடும், கசப்பும் துவர்ப்பும் தருபவை கடைசியில்தான் வரும், இனிப்பு இரண்டுக்கும் நடுவில். சூடு போதவில்லை என்றால் கரைதல் பாதியில் நின்று, மெலிந்த, வெடுக்கென்ற புளிப்புக் காபி கிடைக்கும். சூடும் நேரமும் மீறிப்போனால் நாக்கின் பின்பக்கம் வறண்டு இழுக்கும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற சர்வதேசக் காபி அமைப்பு சொல்லும் கணக்கு 93 டிகிரி செல்சியஸ், அதற்கு மூன்று கூடக் குறைய. இதைப் பலரும் சொல்வார்கள், ஆனால் அது தண்ணீர் தூளைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டிய சூடு என்பதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருப்பது நல்லது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்காரர்கள் 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 87, 90, 93 டிகிரிகளில் டிரிப் காபி போட்டு, ஆனால் காபியின் அடர்த்தியும் தூளிலிருந்து கரைந்து வந்த அளவும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி அரைப்பையும் மற்றதையும் சரிசெய்து, பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது சூட்டுக்கென்று தனி ருசி ஒன்றும் இல்லை, கரைதலைக் கூட்டவும் குறைக்கவும் அது ஒரு வழி, அவ்வளவுதான். அதே வேலையை அரைக்கும் பதத்தாலும் செய்யலாம். கிரைண்டரை முதலில் கேட்பதற்கு இதுதான் காரணம். பதத்தைக் கிரைண்டர் திருகில் ஒரு படி, அதாவது ஒரு கிளிக் மாற்ற முடியாதவரிடம் டிகிரியை மாற்றும் கெட்டில் மட்டும் இருந்து பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, தூளுக்குள் என்ன நடக்கிறது? சமையலுக்கு விற்கும் ஊசி முனை தெர்மாமீட்டர் ஒன்றை டிரிப்பருக்குள் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும், எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பேன். பதினைந்து கிராம் தூள், கெட்டிலில் 93. ப்ளூம் என்று சொல்கிறோமே, முதலில் கொஞ்சம் ஊற்றித் தூளை நனைத்துக் காற்றை வெளியேற்றும் கட்டம், அந்த நாற்பத்தைந்து கிராம் தண்ணீர் விழுந்ததும் என் பிளாஸ்டிக் டிரிப்பரில் ஊசி 82, 83 பக்கம் நிற்கிறது. தூள் அறைச் சூட்டில் இருக்கிறது, ஈரப் பேப்பரும் ஆறிப்போயிருக்கிறது, ஊற்றும் தாரை காற்றில் வரும்போதே கொஞ்சம் இழக்கிறது, எல்லாம் சேர்ந்து பத்து டிகிரியைச் சாப்பிட்டுவிடுகின்றன. அடுத்தடுத்து ஊற்றும்போது 88, 89 வரை ஏறும், ஊற்றுவதை நிறுத்தியதும் மறுபடி இறங்க ஆரம்பிக்கும். இதையே சூடாக்காத செராமிக் டிரிப்பரில் செய்தால் ப்ளூமின்போது எழுபதுகளிலேயே நின்றுவிடுகிறது. லைட் ரோஸ்ட், அதாவது இளசாக வறுத்த கொட்டைக்கு அது ரொம்பக் குறைவு.

இங்கேதான் டிரிப்பர் எதனால் ஆனது என்பது முக்கியமாகிறது. ஹரியோ வி60 என்பது அறுபது டிகிரி கோணக் கூம்பு, உட்புறம் சுழன்று இறங்கும் வரிகள், கீழே ஒரே பெரிய ஓட்டை. பிளாஸ்டிக், கண்ணாடி, செராமிக், செம்பு என்று எல்லாவற்றிலும் வருகிறது. கடையில் பார்த்தால் செராமிக்தான் மனதை இழுக்கும், வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் கனமாக, காலத்துக்கும் இருக்கும் என்று தோன்றும். அந்தக் கனம்தான் பிரச்சனை. அத்தனை எடையும் சூடாக வேண்டும், அந்தச் சூடு உங்கள் காபியிலிருந்துதான் போக வேண்டும். பிளாஸ்டிக் எடை குறைவு, சூட்டை வெளியே கடத்துவதும் குறைவு, அதனால் விலை மலிவான அதுவே சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கிறது. பிளாஸ்டிக்கில் வெந்நீர் ஊற்ற மனம் ஒப்பவில்லை என்றால் செராமிக்கே வாங்குங்கள், ஆனால் பேப்பரை நனைக்கிறேன் என்று கால் டம்ளர் ஊற்றிவிட்டு நிறுத்தாமல், டிரிப்பரை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து வைத்து மேலே தாராளமாகக் கொதிநீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேற்றிவிட்டுப் பேப்பரைப் போடுங்கள். இப்படிச் செய்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அநேகமாகப் போய்விடும். தினமும் செய்வீர்களா என்பதுதான் கேள்வி. நான் செய்ய மாட்டேன், அதனால் என்னிடம் இருப்பது பிளாஸ்டிக்.

கெமெக்ஸ் என்ற கண்ணாடி டிரிப்பர் பார்க்க அழகு. பீட்டர் ஷ்லும்போம் 1941-ல் வடிவமைத்தது, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. தடித்த பேப்பர், மெதுவாக இறங்கும், நாலு பேருக்குப் போட வசதி. ஒருவருக்குப் போட்டால் அந்தப் பெரிய கண்ணாடிக்குள் காபி ஆறிப்போகும். கலிட்டா வேவ் தட்டை அடி, மூன்று சின்ன ஓட்டை. ஊற்றுவதில் கை கொஞ்சம் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் மடிப்புப் பேப்பர் நம் ஊரில் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. வி60 பேப்பர் கிடைக்காமல் நான் திண்டாடியதில்லை.

கெட்டிலுக்கு வருவோம். கூஸ்நெக்கின் மெல்லிய மூக்கு இருப்பது தாரையைக் கட்டுப்படுத்த, சூட்டுக்காக அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் டிகிரி வசதியில்லாத கூஸ்நெக் பாதி விலைக்கும் கீழே கிடைப்பது பலர் கண்ணில் படுவதில்லை. அந்த மூக்கில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கெட்டிலுக்குள் தண்ணீர் கொதித்தாலும் மூக்கில் நிற்கும் தண்ணீர் கொதிப்பதில்லை, நீளமான மெல்லிய குழாய், வெளிக்காற்று பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். முதலில் ஊற்றும் இருபது, முப்பது மில்லி அந்தத் தண்ணீர்தான், அதாவது சரியாக ப்ளூமுக்குப் போவது. அதனால் ஊற்றும் முன் கொஞ்சத்தைக் காபி இறங்கும் பாத்திரத்திலோ கப்பிலோ ஊற்றிச் சூடேற்றுங்கள், அப்புறம் தூளுக்கு வாருங்கள். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

டிகிரி காட்டும் கெட்டில் ஏற்கெனவே இருந்தால், அது உண்மை சொல்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம்: மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுங்கள், பெரிய குமிழிகள் விடாமல் பொங்கும்போது உள்ளே இருப்பது 100 டிகிரி, அதில் சந்தேகமே இல்லை. அப்போது கெட்டில் 95 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது. என் முதல் கெட்டில் அப்படித்தான், 93 என்று வைத்தால் 98-ல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிய இடத்தில் கேட்டால் அதெல்லாம் அப்படித்தான் சார் இருக்கும், ஒன்றும் ஆகாது என்றார்கள். ஒன்றும் ஆகவில்லைதான், ஐந்தைக் கழித்து வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதையே ஓட்டுகிறேன். அப்புறம், கால் பங்கு தண்ணீரோடு கெட்டிலை ஓட்டாதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் அடிப்பகுதி வேகமாகச் சூடேறி, வைத்த அளவைத் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பி வரும்.

இந்தக் கெட்டில் இல்லாமலேயே வேண்டிய சூட்டைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது, எனக்குத் தெரிந்து இதுவே நம்பகமானது: கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை அளந்து கலப்பது. கொதித்த பிறகு இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, மெல்லிய ஸ்டீல் கெட்டில் ஒரு வேகத்தில் ஆறும், கனமானது வேறு வேகத்தில், மின்விசிறி ஓடினால் இன்னொரு வேகத்தில். கலப்பதில் அந்தத் தொல்லை இல்லை, கணக்கு மாறாது. சென்னையில் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரி பக்கம் இருக்கும். நானூறு மில்லி கொதிநீரில் நாற்பது மில்லி அதைச் சேர்த்தால் 93, 94 வரும். அறுபது சேர்த்தால் 91. எண்பது சேர்த்தால் 88. எப்படியும் காபிக்குத் தராசு வைத்திருப்பீர்கள், கெட்டிலைத் தராசில் வைத்து ஊற்றினால் முடிந்தது. மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீர் இருபதுக்குக் கீழே இருந்தால் சேர்ப்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, மகனின் நோட்டிலிருந்து எடுத்த மை ஒற்றும் தாளை உள்ளே வைத்து வெந்நீர் ஊற்றினார். இன்றைய பேப்பர் ஃபில்டரெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அவர் அடுப்பில் எந்த எண்ணும் ஒளிரவில்லை.

கொடைக்கானல் போனபோது கிடைத்த அனுபவம் வேறு மாதிரி. ஊர் உயரம் இரண்டாயிரத்து நூறு மீட்டர் சொச்சம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஊட்டியிலும் கிட்டத்தட்ட இதே கதை, ஏற்காட்டில் 95, பெங்களூரில் 97. கையோடு கொண்டுபோன டிகிரி கெட்டிலைச் சென்னையில் வைக்கும் அதே எண்ணில் வைத்தேன், அது நிற்கவே இல்லை. எப்படி நிற்கும்? தண்ணீர் அந்தச் சூட்டை எட்டப் போவதே இல்லை, கெட்டிலோ எட்டும் வரை விடப்போவதில்லை, அறை முழுக்க ஆவி. ஆவி பட்டு அணையும் சாதாரணக் கெட்டிலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எண் வைத்து ஓடுவதற்குத்தான்.

மேலே காற்றும் குளிர், கப்பும் குளிர், தூளும் குளிர். கொதிநீரே 93 என்னும்போது ப்ளூமில் தூளுக்குள் எண்பதைத் தொட்டாலே அதிகம். கையில் இருந்தது பெருமாள்மலைப் பக்கத்துத் தோட்டக் கொட்டை, கொஞ்சம் லைட்டாக வறுத்தது, வீட்டில் போட்டபோது ஆரஞ்சுத் தோல் வாசனை தெரிந்த அதே பை, அங்கே வெறும் புளிப்பாக இருந்தது. செய்தது இவ்வளவுதான்: கிரைண்டரில் மூன்று கிளிக் நைஸாக்கி, டிரிப்பரை நன்றாகச் சூடேற்றி, தண்ணீர் கொதித்த கையோடு ஊற்றி, ஊற்றி முடித்த ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு எவர்சில்வர் தட்டை மூடி வைத்தேன். ஆரஞ்சு முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் இனிப்பு வந்துவிட்டது. மலையில் குடியிருப்பவர்கள் டிகிரி கெட்டில் வாங்கக் காரணமே இல்லை என்பது என் கருத்து. கொதித்தால் ஊற்ற வேண்டியதுதான்.

தட்டு மூடுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. அதேபோல, எத்தனை தடவையாகப் பிரித்து ஊற்றுகிறீர்கள் என்பதும் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு வழிதான். 2016-ல் உலக ப்ரூவர்ஸ் கப் என்ற காபிப் போட்டியில் வென்ற டெட்சு கசுயாவின் முறையில் இருபது கிராம் தூளுக்கு முந்நூறு கிராம் தண்ணீரை அறுபது அறுபதாக ஐந்து தடவை ஊற்றுகிறார், நாற்பத்தைந்து விநாடிக்கு ஒருமுறை. ஒவ்வொரு இடைவெளியிலும் தண்ணீர் இறங்கித் தூள் ஆறும். நல்ல முறைதான், அவர் அதற்கேற்ப அரைப்பைப் பெரியதாக வைக்கிறார். நான் லைட் ரோஸ்டுக்கு அதைப் பின்பற்றுவதில்லை. பதினைந்து கிராம் தூள், இருநூற்றைம்பது தண்ணீர். ப்ளூமுக்கு நாற்பத்தைந்து ஊற்றி முக்கால் நிமிடம், பிறகு மிச்சத்தை இரண்டே தடவையாக, டிரிப்பரில் தண்ணீர் மட்டம் உயரமாகவே நிற்கும்படி ஊற்றுகிறேன். தண்ணீர் அதிகம் நின்றால் சூடும் நிற்கும். மூன்று நிமிடத்தில் இறங்கி முடியும். டார்க் ரோஸ்டாக இருந்தால் தலைகீழ், சின்னச் சின்னதாகப் பல தடவை.

வறுப்பைப் பொறுத்து நான் வைத்திருக்கும் கணக்கு இது, கெட்டிலில் இருக்க வேண்டிய சூடு. லைட் ரோஸ்டுக்குக் கொதித்த உடனே, சென்னையில் அப்படியே 97, 98. இதைக் கேட்டால் காபி கருகிவிடாதா என்பார்கள். இருநூறு டிகிரி பக்கம் வறுபட்டு வந்த கொட்டை நூறு டிகிரித் தண்ணீரில் கருகாது. மீடியத்துக்கு 92, 93. கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எஸ்.795 ரகத்தை நம் ஊர் ரோஸ்டர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வறுக்கிறார்கள், எனக்கு அதிகம் ஒத்துவருவதும் அதுதான். டார்க் ரோஸ்ட், பருவமழைக் காற்றில் பதப்படுத்திய மான்சூன்ட் மலபார் போன்றவற்றுக்கு 86, 88. அவற்றில் கரையக் காத்திருக்கும் கசப்பு நிறைய, தூளும் எளிதில் கரையும், அவசரப்படுத்த வேண்டாம். காபித்தூள் கடையில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கேட்டு வாங்குவீர்களே, அதைச் சிக்கரி சேர்க்காமல், அரைக்காமல் கொட்டையாகவே வாங்கி 87-ல் போட்டுப் பாருங்கள், கொடுத்த காசுக்கு அருமையாக இருக்கும். சிக்கரி கலந்த தூளை மட்டும் வி60-ல் போடாதீர்கள். பேப்பர் அடைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆனாலும் இறங்காது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புளிப்பாகவும் மெலிந்தும் இருந்தால் முதலில் அரைப்பை நைஸாக்குங்கள், அதிலும் போகவில்லை என்றால் சூட்டைக் கூட்டுங்கள். கசந்து நாக்கை இழுத்தால் அப்படியே திருப்பி. புளிப்பும் கசப்பும் ஒரே கப்பில் சேர்ந்து வந்தால் அது சூட்டின் குற்றமில்லை, தூள் சீராக அரையவில்லை, அல்லது தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடி இறங்கியிருக்கிறது.

எதை மாற்றியும் சரியாகவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்களே அநேகமாக இருக்காது, புளிப்பு கூராகத் தெரியும், வாயில் கனமே தெரியாத காபி. போர்வெல் தண்ணீரில் நேர்மாறு, அதிலுள்ள காரத்தன்மை புளிப்பை எல்லாம் அடித்து மட்டமாக்கிவிடும், எந்தக் கொட்டை போட்டாலும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் அளவு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்கள், 150 பக்கம். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் பையில் வைத்திருக்கும் அந்தப் பேனா மாதிரி மீட்டரே போதும், விலையும் சில நூறுதான். என் வீட்டு ஆர்.ஓ. நாற்பது காட்டுகிறது, கொதிக்கவைத்து, பிறகு வடிகட்டிய மெட்ரோ வாட்டரைக் கொஞ்சம் கலந்து நூறைத் தாண்டவைக்கிறேன். கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: நல்ல ஹேண்ட் கிரைண்டர், பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே. பிளாஸ்டிக் வி60. பாயிண்ட் ஒன்று கிராம் காட்டும் தராசு. ஊசி தெர்மாமீட்டர். சாதாரண கூஸ்நெக். டிகிரி கெட்டில் கடைசியில், அதுவும் வாரத்தில் மூன்று நாலு விதக் கொட்டையை மாற்றி மாற்றிப் போடுபவராக இருந்தால். இல்லை, காலையில் தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் அளந்து கலக்க முடியாது என்றாலும் வாங்குங்கள், அதுவும் நியாயமான காரணம்தான்.

வாங்கினால் அடியில் உப்பு படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைத் தண்ணீருக்கு ஒரு மாதத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தப் படிவத்துக்குக் கீழே தகடு தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், சென்சார் தகட்டை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் 90-ல் இருக்கும்போதே 95 ஆகிவிட்டது என்று அணைத்துவிடும். குமிழி சரியாகப் பொங்கும் முன்பே 100 காட்ட ஆரம்பித்தால் படிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டுக் கொதிக்கவைத்து அரைமணி அப்படியே விட்டுக் கொட்டுங்கள், பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள்.